பதில் வராவிட்டால் சம்மதம்

உட்காருங்கள் அக்கா. நாற்காலி இல்லை, பாய்தான். தரை சுத்தமாக இருக்கும். காலையும் மாலையும் துடைக்கிறேன். சாமான் இல்லாத வீட்டைத் துடைப்பது சுலபம், துணியைப் போட்டு இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஒரே இழுப்பு. உங்கள் தம்பி வண்டி பிடித்துக்கொண்டு வரட்டும். இந்த நேரத்தில் குட்டியானை சரவணம்பட்டி சிக்னலைத் தாண்டி வருவதற்குள் நாம் ஒரு தூக்கமே போட்டுவிடலாம்.

நீங்கள் வாங்கப்போகிற பீரோ நல்ல பீரோ. கதவு முனகாது. பூட்டு ஒரே திருகலில் விழும். கண்ணாடியில் இடது பக்கம் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிய தடம் கொஞ்சம் இருக்கிறது, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும். நான் துடைக்கவில்லை. நேரமில்லை.

உள்ளே வந்ததும் கேட்டீர்களே, "புதுசா குடி வந்திருக்கீங்களா தம்பி?" என்று. எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். இல்லாவிட்டால், காலி செய்கிறீர்களா என்பார்கள். இரண்டும் இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து இதே வீடுதான். முதலில் இங்கே கட்டில் இருந்தது, சோபா இருந்தது, டிவி இருந்தது, அந்த மூலையில் மாவரைக்கிற கிரைண்டர் இருந்தது. எல்லாவற்றையும் நானே கொடுத்தேன். கஷ்டத்தில் இல்லை அக்கா, அப்படிப் பார்க்காதீர்கள். வேலை இருக்கிறது. இது ஒரு வாழ்க்கை முறை. மினிமலிசம் என்பார்கள். தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது. யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் சொல்வார், ஒரு வருஷமாக நீங்கள் தொடாத பொருள் உங்களுடைய பொருளே இல்லை என்று. அதைக் கேட்ட அன்று எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அதற்கு முன்பு ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

ஏன் தூக்கமில்லை என்றால், அது வேறு விஷயம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

என் மனைவியைக் கேட்கிறீர்களா? ஊருக்குப் போயிருக்கிறாள். கோவில்பட்டி. பெயர் செண்பகவல்லி, செண்பகம் என்று கூப்பிடுவோம். வருவாள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் கேட்காமல் எதையும் கொடுக்கவில்லை. அவள் வீட்டில் வேறு மாதிரிப் பேசிக்கொள்கிறார்கள், மாப்பிள்ளை சீர்ச்சாமானை எல்லாம் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று. தூக்கித்தான் கொடுத்தேன், ஆனால் கேட்டுக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் கேட்டேன். "செண்பகம், இந்தப் பித்தளைக் குத்துப்போணி தேவையா?" "உங்க இஷ்டம்ங்க." "இந்த அண்டா?" "உங்க இஷ்டம்." "கட்டில்?" அதற்குக் கொஞ்சம் யோசித்தாள். அப்போது அவளுக்கு இடுப்பு வலி இருந்தது. தரையில் பாய் போட்டுப் படுப்பது இடுப்புக்கு நல்லது என்று ஒரு கட்டுரையில் படித்திருந்தேன், அதை வாசித்துக் காட்டினேன். சரி என்றாள். எல்லாம் அவள் வாயால் சரி சொன்னதுதான்.

ஆஸ்பத்திரி ஃபைல் மட்டும்தான் கேட்கவில்லை. முதன்முதலில் போனது அதுதான். ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனை, மாத்திரை எழுதின சீட்டு, எல்லாம் ஒரு பச்சை ஃபைலில் இருந்தன. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், காகிதத்துக்காக எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இனிமேல் தேவைப்படாத காகிதம்தானே. காகிதத்தை நான் பொருளோடு சேர்த்துச் சொல்லவில்லை.

அவளுக்கு ஐந்தாம் மாதத்தில் ஒன்று தங்காமல் போயிற்று அக்கா. அவ்வளவுதான் விஷயம். டாக்டரம்மா சொன்னார்கள், இது நிறையப் பேருக்கு நடக்கிறது, மறுபடி முயற்சி செய்யுங்கள் என்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறு வாரம்தான் நான் அந்த வீடியோவைப் பார்த்தது. நாட்களைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஏதோ தொடர்பு இருப்பதுபோலத் தோன்றும். இல்லை. நான் தனியாக யோசித்து எடுத்த முடிவு.

உங்களுக்கு ஒன்று சொன்னால் சிரிப்பீர்கள். நான் பிறந்த வீட்டில் பொருள் என்று ஒரு தகரப்பெட்டிதான். சங்கரன்கோவில் பக்கம். ஓடை பெருகி வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் அப்பா பெட்டியைத் தலையில் வைப்பார், அம்மா பானையை எடுப்பாள், நானும் தங்கச்சியும் சும்மா கையை வீசிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுவோம். மொத்த வீடும் ஒரே நடையில் போய்விடும். எங்கள் வகையறாவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்து, வேலை கிடைத்து, கல்யாணம் பண்ணி, வீடு முழுக்கச் சாமான் வந்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. இத்தனையையும் எப்படித் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று. மூன்றாவது மாடியில் தண்ணீர் எங்கே வரப்போகிறது என்று செண்பகம் கேட்டாள். நியாயமான கேள்விதான். பயம் நியாயம் பார்த்து வருகிறதா?

அம்மா ஒரு தடவை வந்தாள். மகன் வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே எட்டிப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். செண்பகம் காபி போடப் போனதும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

"ஏய்யா, வேலை போயிட்டா?"

"இல்லம்மா."

"அம்மாட்டச் சொல்லு. நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன். அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"

"வேலை இருக்கும்மா. நாங்களாத்தான் எல்லாத்தையும் கொடுத்தோம். இப்படி இருக்கிறதுதான் நல்லது."

"எப்படி இருக்கிறது? ஒண்ணுமே இல்லாமயா?" என்றாள். "இப்படி இருக்கக் கூடாதுன்னுதானேய்யா ஒன்னையப் படிக்க வச்சோம்."

அவளுக்குப் புரியவைக்க முடியவில்லை. மறுநாளே கிளம்பிவிட்டாள். போன கையோடு பஸ்ஸில் ஒரு சாக்கு மூட்டை போட்டுவிட்டாள். இரண்டு அலுமினியச் சட்டி, ஒரு கரண்டி, ரேஷன் அரிசி, ஒரு போர்வை. அரிசியை வைத்துக்கொண்டேன். மற்றதைக் கீழே வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டேன். செண்பகம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கொஞ்சம் சத்தமாகப் பேசினாள். "அத்தை சோறு பொங்குற சட்டிங்க அது. அங்க இப்ப எதுல பொங்குதாங்களோ!" என்றாள். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றை விட்டுக்கொடுத்தால் எல்லாம் மறுபடி உள்ளே வந்துவிடும். அந்த வீடியோவிலும் அப்படித்தான் சொல்கிறார்.

இப்போது சேலைக்கு வருகிறேன். சண்டையே அதனால்தான்.

இந்தப் பீரோவில், கீழ்த் தட்டில் ஒரு மூட்டை இருந்தது. வெள்ளை வேட்டியில் கட்டி வைத்த மூட்டை. பிரித்துப் பார்த்தேன். உள்ளே எல்லாம் பழைய நூல் சேலை. அதுவும் அவளுடையது இல்லை. ஒன்று அவள் அம்மாவுடையது, ஒன்று அவள் அக்காவுடையது, ஒன்று ஏதோ சித்தியுடையது. சாயம் போய், ஓரம் கிழிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிற சேலைகள். யாரும் கட்ட முடியாது. தலையணை உறைக்குக்கூட ஆகாது. என் மாமியார் ஒரு தடவை வந்தபோது கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. நான் ஆபீசில் இருந்தேன்.

"இது என்ன செண்பகம்?"

"பழைய சேலைங்க."

"தெரியுது. எதுக்கு?"

"சும்மா இருக்கட்டும்."

"யாருக்கு?"

மூட்டையை என் கையிலிருந்து வாங்கி, மறுபடி கட்டி, அதே இடத்தில் வைத்தாள்.

நீங்கள் இப்போதே தலையை ஆட்டுகிறீர்கள் அக்கா. பெண்கள் உங்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்கு யார் சொன்னார்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அதைத் தொட்டிருப்பேனா?

இன்னும் இரண்டு தடவை கேட்டேன். ஒரு தடவை அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு தடவை குளிக்கப் போய்விட்டாள். பிறகு வாட்ஸ்அப்பில் செய்தி போட்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு செய்தியா என்று கேட்பீர்கள். நேரில் கேட்டால் பதில் சொல்லாதவர்களுக்கு எழுத்தில் சுலபமாக இருக்கும் அல்லவா. எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. என் வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங், மற்றவர்கள் எழுதினதில் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. யாரிடமாவது ஒப்புதல் கேட்டு அவர்கள் இழுத்தடித்தால் நாங்கள் ஒரு வரி எழுதுவோம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் உங்கள் சம்மதமாக எடுத்துக்கொள்கிறோம் என்று. எல்லாரும் செய்வதுதான். பெரிய பெரிய ஆட்களுக்கே அப்படித்தான் எழுதுகிறோம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அதையே மரியாதையாக எழுதினேன். 'கீழ்த்தட்டு மூட்டையைக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். வேண்டாம் என்றால் வெள்ளிக்குள் சொல்.' கடைசியில் ஒரு சிரிப்புப் படமும் போட்டேன்.

பார்த்துவிட்டாள். இரண்டு நீலக் கோடு விழுந்தது. வெள்ளி போயிற்று, பதில் இல்லை. சனிக்கிழமை அவள் காய்கறி வாங்கப் போயிருந்தபோது, பழைய துணி வாங்குகிற ஓர் இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். இல்லாதவர்களுக்குப் போகும் என்று அங்கே போர்டு வைத்திருந்தார்கள்.

அவள் கவனிக்கவே திங்கட்கிழமை ஆயிற்று. அதைக்கூட நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன், பார்த்தாயா, இரண்டு நாள் தேடவில்லையே என்று. அன்றைக்கு நான் ஆபீசிலிருந்து வந்தபோது பீரோ திறந்து கிடந்தது. திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க?" என்றாள்.

"கொடுத்துட்டேன். செய்தி போட்டேனே, நீ ஒண்ணும் சொல்லலையே."

"என்ன சொல்லணும்னு நெனைக்கிறீங்க?"

"வேணும்னு சொல்லியிருக்கலாமே."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாதுங்க" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, கத்தவில்லை. நான் சொன்னேன், "சேலைதானே, கடையில புதுசா வாங்கித் தாரேன், எத்தனை வேணும்?" என்று. மறுநாள் காலையில் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். ஒரே ஒரு பை. முன்பெல்லாம் ஊருக்குப் போனால் மூன்று பை, ஒரு கூடை. இப்போது ஒரு பை. எவ்வளவு மாறிவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. காந்திபுரம் வரைக்கும் போய் நானே பஸ் ஏற்றிவிட்டேன்.

ஒரு மாதமாகியும் வரவில்லை. போன் செய்தால் அத்தை, அவள் அம்மாதான் எடுப்பாள். "தூங்குதா மாப்ள." "குளிக்கா மாப்ள." பிறகு நானே போனேன். செண்பகம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், நல்லா இருக்கீங்களா என்றாள், உள்ளே போய்விட்டாள். விருந்தாளிக்குச் செய்கிற மாதிரி. அத்தைதான் உட்கார்ந்து பேசினாள். அவள் கோபக்காரி இல்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

"பெறக்குற புள்ளைக்குப் புதுத்துணி ஆகாதுல்லா மாப்ள. பச்ச ஒடம்பு, மேலு அறுத்துரும். நாலு புள்ள நல்லபடியாப் பெத்தவ கட்டிப் பழகுன சேலையைத்தான் கிழிச்சுச் சுத்துவோம். தூளியும் அதுலதான். அதுக்குன்னுதான் கேட்டுக் கேட்டு வாங்கியாந்தேன். முன்னாடியே இதுக்குன்னு சொல்லப்படாது. சொன்னாத் தங்காதும்பாவ. சொல்லாமத்தான் வச்சேன். அப்படியும் தங்கல."

நான் சொன்னேன், "அதான் தங்கலையே அத்தை. அப்புறம் எதுக்கு அது வீட்டில் இருக்கணும்? பார்க்கப் பார்க்க அவளுக்கும் கஷ்டம்தானே?"

"அவளுக்கா?" என்றாள் அத்தை. "அவ தெனமும் மத்தியானம் அதைப் பிரிச்சு மடியில வச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கா மாப்ள. நீங்க ஆபீசுக்குப் போனதுக்கப்புறம்."

அது எனக்குத் தெரியாது. தினமும் தொட்டிருக்கிறாள் என்றால் அந்த ஒரு வருஷக் கணக்குக்குள்ளேயே அது வராது. வைத்துக்கொண்டிருக்கலாம். எனக்குத் தகவல் இல்லை அக்கா, அதுதான் பிரச்சினை.

கிளம்பும்போது செண்பகம் வாசல்வரை வந்தாள். "உங்களுக்கு அது போனது தெரியுமாங்க?" என்று கேட்டாள். எது என்றேன். திரும்பி உள்ளே போய்விட்டாள். பஸ்ஸில் வரும்போதுதான் எதைக் கேட்டாள் என்று புரிந்தது. தெரியாமல் என்ன? நான்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். நான்தான் கையெழுத்துப் போட்டேன். துணியில் சுற்றி என் கையில்தான் கொடுத்தார்கள், ஆத்துப்பாலம் மயானத்துக்கு நானும் ஆபீஸ் நண்பர் ஒருவரும்தான் போனோம். பெண் குழந்தை. ஒரு தேங்காய் அளவு கனம் இருக்கும். அதை அவளிடம் நான் சொன்னதில்லை. கேட்டால் வருத்தப்படுவாள் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிப் பச்சைத் துணி அது, கஞ்சி போட்டதுபோல முரட்டுத் துணி. அது எதற்கு இப்போது. வேறு பேசுவோம்.

வந்ததும் அந்தத் துணி வாங்குகிற இடத்துக்கு ஓடினேன். அங்கிருந்தவர் சொன்னார், "கட்டுற மாதிரி இருந்தாத்தான் தம்பி ஆளுக்குக் கொடுப்போம். நைஞ்சு போன நூல் துணியெல்லாம் லேத்துப் பட்டறைக்குப் போயிரும். மெஷின் தொடைக்க அதுதான் நல்லா எண்ணெய் உறிஞ்சும்." எந்தப் பட்டறை என்று கேட்டு, கணபதி ஏரியாவில் இருந்த அந்தப் பட்டறைக்கும் போனேன். அங்கே மூலையில் ஒரு குவியல் கிடந்தது. கைக்குட்டை அளவில் வெட்டி வைத்திருந்தார்கள். பாதி கறுப்பாகிவிட்டது. நான் குனிந்து தேடுவதைப் பார்த்து ஒருவர், "மோதிரம் எதுவும் போயிருச்சுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவரும் கூடச் சேர்ந்து தேடினார். பாவம், நல்ல மனிதர்.

சரி, பீரோவுக்கு வருகிறேன். இதையும் கேட்காமல் விற்பதாக நினைத்துவிடாதீர்கள். இது அவள் சீர். போன வாரம் செய்தி போட்டேன், நாள் எதுவும் குறிக்கவில்லை. உடனே பதில் வந்தது. இத்தனை மாதத்தில் அவளாக எழுதின முதல் பதில். 'வித்துருங்க. அதுல வைக்க எனக்கு ஒண்ணும் இல்ல.' படித்துப் படித்துப் பார்த்தேன். பாருங்கள், எதுவும் தேவையில்லை என்கிற மனநிலைக்கு அவளே வந்துவிட்டாள். நான் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தானே. இனி வந்துவிடுவாள். ஆனால் ஏனோ, அந்தச் செய்தி வந்ததிலிருந்து மறுபடி தூக்கம் இல்லை.

தம்பி போன் செய்கிறாரா? கீழே வந்துவிட்டாரா? இருக்கட்டும் அக்கா, ஆட்கள் மேலே ஏறி வரட்டும். அதற்குள் உங்களிடம் ஓர் உதவி. ஒரு நிமிஷம், பால்கனியிலிருந்து எடுத்து வருகிறேன்.

இந்தாருங்கள். நூல் சேலைதான். கடையில் புதிதாக வாங்கினேன், இன்னும் சில அங்கே கொடியில் கிடக்கின்றன. வாங்கும்போது அட்டை மாதிரி நின்றது. தினமும் வேலைக்குப் போவதற்கு முன்னால் வெந்நீரில் ஊறவைத்து, கையால் கசக்கி, அலசி, வெயிலில் போடுகிறேன். ராத்திரி நானே மேலே போர்த்திக்கொண்டு படுக்கிறேன், உடம்புச் சூட்டில் நூல் இளகும் என்று. பக்கத்து வீட்டு அம்மா விசித்திரமாகப் பார்க்கிறாள், ஆண்பிள்ளை தினமும் சேலை துவைக்கிறானே என்று. பார்க்கட்டும். சாயம் நன்றாகவே இறங்கிவிட்டது. மெதுவாகிவிட்டால் வேட்டியில் கட்டிக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோவேன். எதற்கு என்று அவளிடம் சொல்ல மாட்டேன். சும்மா வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

நீங்கள் இரண்டு பெற்றவர்கள் என்றீர்களே. கையால் தொட்டால் தெரியாது அக்கா, கன்னத்தில் வைத்துப் பாருங்கள். நானும் தினமும் வைத்துப் பார்க்கிறேன். ஒரு நாள் ஆகிவிட்டது போல இருக்கிறது, மறுநாள் அந்த ஆஸ்பத்திரித் துணி மாதிரியே இருக்கிறது.

சொல்லுங்கள். பச்சைப் பிள்ளையைச் சுற்றினால் மேல் அறுக்குமா?